புதுச் சபையில் காணிக்கை எண்ணுவது எப்படி?

எங்கள் சபைக்கு நாலு வயது. மொட்டை மாடியில் தகரக் கொட்டகை, முப்பது குடும்பம், பொருளாளர் நான். முதல் வருடம் காணிக்கைப் பையை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியாக எண்ணினேன். ஒரு பைசா எடுக்கவில்லை. ஆனாலும் முணுமுணுப்பு வந்தது. தப்பு என்னுடையதுதான்.

இப்போது ஆராதனை முடிந்த கையோடு அங்கேயே மேசை போட்டு எண்ணுகிறோம். மூன்று பேர் வேண்டும். இருவர் ஒரே வீட்டாராக இருக்கக் கூடாது. போதகர் வேண்டவே வேண்டாம், அது அவருக்கே நல்லது. தசமபாகக் கவரில் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு போட்டுத் தருவது) எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகிறதா பாருங்கள். அப்புறம் நோட்டு, கடைசியில் சில்லறை. மூவரும் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை முழுத்தொகையையும் வங்கியில் கட்டுங்கள். டியூப்லைட் வாங்க நடுவில் நூறு ரூபாய் உருவினால் கணக்கு அங்கேயே குழம்பும். பவுலும் எருசலேமுக்கான தர்மப் பணத்துக்குத் தீத்துவோடு வேறு சகோதரர்களையும் சேர்த்தே அனுப்பினார், பைபிளில் 2 கொரிந்தியர் 8-ல் பாருங்கள்.

கியூஆர் அட்டை சபைக் கணக்கின் பெயரில்தான் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சபை பணம் தருகிறேன் என்றால், எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவு இல்லாமல் வாங்காதீர்கள்.

வீடுகளில் சமைக்கும்போது சபைக்கென்று பிடி பிடியாக எடுத்துவைத்துத் தரும் பிடியரிசியை அளந்து தனி நோட்டில் எழுதுங்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த விளைபொருளை ஏலம் விடுவதற்கோ இரண்டு நோட்டு: கேட்ட தொகைக்கு ஒன்று, வந்த தொகைக்கு ஒன்று. உற்சாகத்தில் முருங்கைக்காய்க் கட்டை ஐந்நூறுக்கு எடுத்த அண்ணன் இன்னும் இருநூறு தர வேண்டும்.