அப்பிள் ஃபிரிட்டர் சுடும்போது விடக்கூடாத பிழைகள்

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை பக்கத்துவீட்டுப் பிள்ளை பெரிய கோப்பை ஒன்றோடு வந்து கதவைத் தட்டினாள். உள்ளே இருந்ததை மா என்றும் சொல்ல முடியாது, கூழ் என்றும் சொல்ல முடியாது.

"மாமா, முதல் நல்ல உருண்டையா இருந்தது. அப்பிளைப் போட்டுப் பிசைஞ்சு மூடி வைச்சன். இப்ப பாருங்கோ. இன்னும் கொஞ்சம் மா போடட்டோ?"

எனக்கு எரிச்சல் வந்தது. அவள்மேல் இல்லை. 1997இல் கனடாவின் இதே ஸ்காபரோவில் இதே மாதிரி ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு நானும் முழித்திருக்கிறேன். அப்போது நான் டோனட் கடை ஒன்றில் இராவேலை செய்தவன். இரவு பதினொன்றுக்குப் போய் விடியற்காலைக்குள் தட்டுத் தட்டாக ஃபிரிட்டர் சுட்டு அடுக்கியவன். அப்படிப்பட்டவனுக்கே வீட்டுச் சமையலறையில் அது சரிவரவில்லை என்பதுதான் வெட்கம்.

ஈஸ்ட் பழசாகிவிட்டது, உப்பு மறந்துபோனது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஒருதரம் பட்டால் மறக்காது. பட்டும் விளங்காத பிழைகள்தான் ஆளைக் கொல்லும்.

எந்த ஃபிரிட்டர் என்று தெரியாமல் இறங்குவது

அப்பிள் ஃபிரிட்டர் என்ற ஒரே பெயரில் இரண்டு பண்டங்கள் இருக்கின்றன. ஒன்று, தோசைமா பதத்தில் கரைத்த மாவில் அப்பிள் வளையத்தைத் தோய்த்துப் பொரிப்பது. இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டிலேயே இருந்த பழைய முறை அது. மற்றது டோனட் கடை ஃபிரிட்டர்: ஈஸ்ட் போட்டுப் பொங்கிய மா, இடையிடையே அப்பிள், மேடு பள்ளமான முகம், மேலே கண்ணாடிபோல் கிளேஸ் என்ற சீனிப்பூச்சு. 1964இல் ஹமில்டன் நகரில் ஹொக்கி வீரர் ரிம் ஹோர்ட்டன் தன் முதல் கடையைத் திறந்த காலத்தில் விற்ற பண்டங்களில் இதுவும் ஒன்று. நான் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி. ஒன்றின் மா அளவையும் மற்றதன் செய்முறையையும் கலந்து செய்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

அப்பிளுக்குள் இருக்கும் தண்ணீரை மறப்பது

இதைத்தான் ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

கடையில் எனக்கு ஏன் இந்தப் பிரச்சினை வரவில்லை? அங்கே அப்பிள் தகரத்தில் வரும். ஏற்கெனவே வெந்து, சாறு இறுகி, பசைபோல் இருக்கும். டோனட் வளையம் வெட்டியபின் மிஞ்சும் மாத்துண்டுகளைக் கூட்டி, அதன்மேல் இந்த அப்பிளைக் கொட்டி, கத்தியால் குறுக்கும் நெடுக்குமாகக் கொத்தினால் ஃபிரிட்டர் தயார். அப்பிளுக்கு யாரோ ஒருவர் எங்கோ செய்து முடித்த வேலை என் கண்ணில் படவே இல்லை.

மகனுடைய பிறந்தநாளுக்கு வீட்டில் செய்தபோது, தகரம் எதற்கு, தோட்டத்தில் பிடுங்கிய நல்ல அப்பிள் இருக்கிறதே என்று பச்சையாக வெட்டிப் போட்டேன். போதாததற்குச் சீனியும் தூவினேன். முக்கால் மணித்தியாலம் கழித்துத் துணியை எடுத்துப் பார்த்தால் மா குளித்துவிட்டு இருந்தது. ஒரு கைப்பிடி மா போட்டேன். ஒட்டியது. இன்னொரு கைப்பிடி. அப்படியே ஐந்தாறு கைப்பிடி. பொரித்து எடுத்ததும் பார்வைக்குக் குறை இல்லை, நல்ல பொன்னிறம். ஒரு மாமி கடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, உள்ளுக்கை அல்வா வைச்சனியோ?"

கணக்கைப் பாருங்கள். அப்பிளில் 85 வீதம் தண்ணீர். என் அளவு 400 கிராம் மாவுக்கு 500 கிராம் அப்பிள். அதாவது அப்பிளுக்குள் 425 கிராம் தண்ணீர் இருக்கிறது. மாவைக் குழைக்க நான் விடுவதோ பால் 180 மில்லிலீற்றரும் ஒரு முட்டையும். சேர்த்தால் 230 கிராம் வரும். நீங்கள் கவனமாக அளந்து விட்ட ஈரத்தைப்போல் இரண்டு மடங்கு ஈரம் அப்பிளுக்குள் ஒளிந்திருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு கசிந்தாலே மாவின் பதம் கெட்டுவிடும். சீனியோ வெட்டிய பழத்திலிருந்து சாற்றை வெளியே இழுக்கும். பழத்தையும் சீனியையும் மாவுக்குள் போட்டுப் பொங்க வைப்பது, பிழிய விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதுபோலத்தான்.

பொரிக்கும்போது நடப்பது இன்னும் மோசம். ஈரம் தேங்கிய இடம் தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறாது. வெளியே எண்ணெய் 180 பாகையில் சீனியைக் கருக்கிக்கொண்டிருக்கும். உள்ளே அப்பிளைச் சுற்றி மா அவிந்தும் அவியாமலும் களியாகக் கிடக்கும். மேலதிகமாகப் போட்ட மா அந்தக் களியைக் கல்லாக்கும், அவ்வளவுதான். அதற்குள் மூன்று மணித்தியாலம், பட்டர், பழம், ஒன்றரை லீற்றர் எண்ணெய் எல்லாம் போய்விடும். ஆனால் குற்றம் யார் தலையில்? ஈஸ்ட் சரியில்லை, எண்ணெய் சரியில்லை, இந்த நாட்டுக் கோதுமை மா சரியில்லை. பழத்தை ஒருவரும் சந்தேகப்படுவதில்லை. எனக்கு எரிச்சல் ஊட்டுவது அதுதான்.

என்னுடைய பிழையைப் பிடித்தவர் என் மாமியார். அவருக்கு ஃபிரிட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. மீந்த ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "பழத்தைக் காய்ச்சினனீங்களோ?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பனங்காய்ப் பணியாரம் சுட்டவருக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? ஊரில் பனங்களியைப் பிழிந்து எடுத்ததும் யாராவது நேரே மாவுக்குள் ஊற்றுவார்களா? சீனி போட்டு, பச்சை வாடை போக, தண்ணீர்த்தன்மை வற்றக் காய்ச்சி, ஆற வைத்து, அதற்குப் பிறகல்லவா மாவைத் தொடுவார்கள். நாங்கள் கெட்டது வாய்ப்பனால் என்று நினைக்கிறேன். வாழைப்பழத்தைப் பிசைந்து நேரே மாவோடு சேர்த்துப் பழகிய கை, எல்லாப் பழமும் அப்படித்தான் என்று எண்ணிவிடுகிறது.

ஆகவே: 500 கிராம் அப்பிளைத் தோல் சீவி ஒரு சென்ரிமீற்றர் துண்டுகளாக வெட்டுங்கள். அகன்ற தாச்சியில் 20 கிராம் பட்டர், 50 கிராம் சீனி, ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளியோடு போடுங்கள். மூடி போடாதீர்கள்; மூடினால் போகவேண்டிய நீராவி திரும்ப விழும். எட்டுப் பத்து நிமிடத்தில் சாறு பாணிபோல் இறுகும். அகப்பையால் தாச்சியின் அடியில் ஒரு கோடு இழுத்தால் அது உடனே மூடக்கூடாது. என் தராசில் 500 கிராம், 300 சொச்சத்துக்கு இறங்கும்போது நிறுத்துவேன். தட்டில் பரப்பி முற்றாக ஆற விடுங்கள். சூட்டோடு சேர்த்தால் மாவிலுள்ள பட்டர் உருகும், ஈஸ்டும் சாகும்.

அடியில் மிஞ்சும் பாணியை வீணாக்க மனமில்லாமல் மாவுக்குள் வழித்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு நேரமும் வற்ற வைத்தது எதற்கு? அதைக் கிளேஸுக்குள் விடுங்கள், ஒரு கரண்டி பாலுக்குப் பதிலாக.

சேர்க்கும் விதம்: ஒருமுறை பொங்கிய மாவைச் சதுரமாகத் தட்டி, ஒரு பாதியில் அப்பிளைப் பரப்பி, அதன்மேல் இரண்டு மேசைக்கரண்டி மா தூவி, மறு பாதியால் மூடிக் கொத்துங்கள். இந்த இரண்டு கரண்டி மா பழத்தின் மேல் ஒட்டியிருக்கும் பாணியைப் பிடிக்கத்தான். இதைச் சாட்டாக வைத்து மூன்றாவது கரண்டியைத் தேடாதீர்கள்.

எந்த அப்பிளும் சரி என்பது

மக்கின்ரொஷ் ஒன்ராறியோவின் பிள்ளை. 1811இல் டண்டெலா என்ற இடத்தில் காடு வெட்டும்போது ஜோன் மக்கின்ரொஷ் கண்டெடுத்த கன்றிலிருந்து பரவிய இனம்; அப்பிள் கம்பனி தன் கணினிக்குக்கூட அதன் பெயரைத்தான் வைத்தது. வாசனையும் அருமை. ஆனால் தாச்சியில் ஏறினால் ஐந்து நிமிடத்தில் குழைந்து பழக்கூழாகிவிடும். ஃபிரிட்டருக்கு வெந்தபிறகும் துண்டாக நிற்கும் புளிப்பு அப்பிள்தான் வேண்டும். பச்சைநிறக் கிரானி ஸ்மித் எங்கும் கிடைக்கும். தோட்டத்துக்குப் போய்ப் பிடுங்குகிறவர்கள் நோர்தேர்ன் ஸ்பை இருக்கிறதா என்று கேளுங்கள். ஹனிகிறிஸ்ப்பை அப்படியே கடித்துச் சாப்பிடுங்கள். அந்த விலை கொடுத்து வாங்கிய சாற்றை அடுப்பில் வற்ற வைக்க எனக்கு மனம் வராது.

கறுவாவை மாவோடு குழைப்பது

கறுவா ஈஸ்டை மந்தமாக்கும். பழத்தோடு போடுங்கள்.

வாய்ப்பன்போல் உருட்டுவது

கை பழக்கதோஷத்தில் உருண்டை பிடிக்கும். பிடிக்க விடாதீர்கள். கொத்திய மாவை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையளவு அகலத்தில், விரல் தடிப்பில் தட்டி வையுங்கள். முகம் கிழிந்து, ஓட்டை விழுந்து, அசிங்கமாக இருக்கட்டும். அந்த ஓட்டைகள் வழியாகத்தான் எண்ணெய் உள்ளே போய் நடுப்பகுதியை வேக வைக்கும். பிறகு கிளேஸ் போய்த் தங்குவதும் அங்கேதான். வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் துண்டுகள்தான் மொறுமொறு என்று வரும். கடையில் முதல் வாரம் நான் வடிவாக வட்டம் பிடித்து வைத்ததைப் பார்த்துத் தலைமைப் பேக்கர் ஒன்றும் பேசாமல் வந்து, தட்டு முழுவதையும் விரலால் குத்திக் கிழித்துவிட்டுப் போனார். பாடம் அவ்வளவுதான்.

தட்டி வைத்தபின் அரை மணித்தியாலமாவது பொங்க விடுங்கள். விரலால் தொட்டால் பள்ளம் மெதுவாக நிரம்ப வேண்டும்.

எண்ணெயைக் கண்ணால் அளப்பது

ஒரு துளி மாவைப் போட்டு அது மேலே வந்தால் எண்ணெய் தயார் என்பது ஊர் வழக்கம். வடைக்குப் போதும். இதற்குப் போதாது. அந்தத் துளி 150 பாகையிலும் மேலே வரும், 200 பாகையிலும் வரும். முதலாவதில் ஃபிரிட்டர் எண்ணெயைக் குடிக்கும். இரண்டாவதில் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும். வேண்டியது 175 முதல் 180 பாகை செல்சியஸ். இங்கே விற்கும் வெப்பமானிகளில் 350 முதல் 360 பரனைட். ஒவ்வொரு முறை போடும்போதும் சூடு இறங்கும், அதனால் ஒரு தரத்துக்கு இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒரு பக்கம் ஏறக்குறைய இரண்டு நிமிடம். முதலாவதைப் பிட்டுப் பார்க்காமல் இரண்டாவதைப் போடாதீர்கள். அந்த முதலாவது சமைக்கிறவருக்குச் சேரவேண்டியது. யாரும் பங்கு கேட்கக்கூடாது.

கடதாசியில் வடிய விடுவது

கம்பித்தட்டு. கடதாசியில் வைத்தால் அடிப்பக்கம் தன் ஆவியிலேயே அவிந்து சொதசொதக்கும்.

கிளேஸைச் சீனிப்பாணி என்று நினைப்பது

சிப்பிப் பலகாரத்துக்குப் பாணி காய்ச்சிப் புரட்டுகிற கை இதிலும் சீனியை அடுப்பில் வைக்கப் பார்க்கும். அப்படிக் காய்ச்சி ஊற்றினால் ஆறியதும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து உதிரும். இதற்கு அடுப்பே வேண்டாம். ஐசிங் சீனி 250 கிராம், மூன்று நான்கு மேசைக்கரண்டி பால், ஒரு சிட்டிகை உப்பு, வனிலா சில துளி. கரண்டியிலிருந்து நாடாபோல் விழ வேண்டும். சாதாரணச் சீனியை மிக்சியில் அரைத்துச் சமாளிப்பவர்களுக்கு: பல்லில் நறநறக்கும், அதோடு கடை ஐசிங் சீனியில் கலந்திருக்கும் சோளமாவும் இருக்காது.

நேரம்தான் முக்கியம். எண்ணெயிலிருந்து எடுத்த கையோடு தோய்த்தால் கிளேஸ் உருகித் தட்டுக்குப் போய்விடும். முற்றாக ஆறிவிட்டால் சுண்ணாம்பு பூசினதுபோல் தடித்து நிற்கும். எடுத்து மூன்று நான்கு நிமிடத்தில், விரல் தாங்கும் சூட்டில், இரண்டு பக்கமும் தோய்த்துக் கம்பித்தட்டில் வையுங்கள். இறுகும்வரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காதீர்கள்.

மீன் பொரித்த எண்ணெய்

வடிகட்டினாலும் வேண்டாம்.

நாளைக்கு என்று எடுத்து வைப்பது

காலையில் சுட்டது பின்னேரத் தேத்தண்ணியோடு முடிய வேண்டும். பெட்டிக்குள் மூடி வைத்தால் அப்பிளில் மிஞ்சிய ஈரம் கிளேஸைக் கரைத்து, அடுத்த நாள் கையெல்லாம் பிசுபிசுக்கும். கூட்டம் இல்லாத வீட்டில் பாதியளவு மாவே போதும். இல்லையென்றால் பொரித்து, கிளேஸ் போடாமல் உறைய வைத்து, வேண்டியபோது ஓவனில் சூடாக்கித் தோய்க்கலாம்.

பக்கத்துவீட்டுப் பிள்ளையின் கோப்பைக்கு வருவோம். அந்த மாவை இனி ஃபிரிட்டர் ஆக்க முடியாது. பட்டர் தடவிய கேக் தட்டில் ஊற்றி, மேலே கறுவாவும் சீனியும் தூவி, 180 பாகையில் முக்கால் மணித்தியாலம் ஓவனில் வைத்தோம். பாணுக்கும் கேக்குக்கும் நடுவே ஏதோ ஒன்று வந்தது. சூட்டோடு பட்டர் பூசினால் மோசமில்லை.