இரண்டாவது தையல் மெஷின் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தையலில் கை தேறியதும், முதல் மெஷினைவிடப் பெரியதொன்றை வாங்கத்தான் மனம் போகும். அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நூறு டிசைன் போடுகிற மெஷின் வீட்டுக்கு வந்தபின்னும், பாவிப்பது நேர்த்தையலும் ஸிக்ஸாக்கும்தான். முதல் மெஷினால் ஆகாத வேலை எது என்று பார்த்து வாங்குங்கள்.

தைத்த சாறி பிளவுஸை உட்பக்கம் திருப்பிப் பாருங்கள். கைச்சுற்றில் நூல் பிரிந்து நின்றால் உங்களுக்குத் தேவை ஓவர்லொக். அது ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும். டீஷேர்ட் துணி தைப்பவர்கள் டிஃபரன்ஷல் ஃபீட் (துணியை நகர்த்தும் முன்பல்லும் பின்பல்லும் வெவ்வேறு வேகத்தில் ஓடும் வசதி) உள்ளதாகப் பார்த்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் அலையலையாக இழுபடும். ஓவர்லொக் வந்துவிட்டதென்று பழைய மெஷினை மட்டும் விற்றுவிடாதீர்கள். ஸிப் வைக்கவும் பட்டன் ஓட்டை போடவும் அதுதான் வேண்டும்.

அடுத்தது, கார்மென்ட்ஸில் பாவித்த ஜூக்கி, அதாவது அந்த பிராண்ட் தொழிற்சாலை மெஷின், மலிவாக வருகிறதென்று அவசரப்படுவது. பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும் நாள் முழுக்கத் தைப்பவருக்கு அது அருமையான மெஷின், மறுப்பே இல்லை. ஆனால் வழக்கமாக வருவது நேர்த்தையல் மட்டும் போடும். மோட்டரையும் பார்க்க வேண்டும். மூன்று ஃபேஸ் மோட்டர் என்றால் சாதாரண வீட்டு இணைப்பில் ஓடாது. கிளட்ச் மோட்டர், சுவிட்சைப் போட்டால் தைக்காத நேரத்திலும் சுற்றிக்கொண்டே இருக்கும், சத்தமும் கரண்ட் பில்லும் கூடும். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இரவில் தைப்பவர் கீழ்வீட்டாரின் நித்திரையையும் யோசிக்க வேண்டுமே! சேர்வோ மோட்டர் மிதித்தால்தான் ஓடும், வேகத்தையும் குறைத்து வைக்கலாம்.

ஜப்பானில் பாவித்து வந்த வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நமது 230 வோல்ட்டில் நேரே செருகினால் எரிந்துபோகும். மெஷினில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

ஊசி, பொபின் விஷயத்திலும் கவனம் வேண்டும். வீட்டு மெஷின் ஊசியின் தலைப்பகுதி ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், ஜூக்கி ஊசியோ முழு உருளை. ஒன்றுக்கு மற்றதைப் போட முடியாது. பொபின்கள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உயரம் கொஞ்சம் மாறினால் கீழ்நூல் சிக்கும். இரண்டு மெஷினின் பொபினையும் ஒரே டப்பாவில் கலக்காதீர்கள்.

கடையில் மொடமொடப்பான பருத்தித் துண்டில் தைத்துக் காட்டுவார்கள். அதில் எந்த மெஷினும் அழகாகத்தான் தைக்கும். நீங்கள் வழமையாகத் தைக்கும் துணியையே கொண்டுபோங்கள்: ஒரு துண்டு ஷிஃபோன், நாலாய் மடித்த ஜீன்ஸ் விளிம்பு. ஷிஃபோன் ஊசித்தட்டுக்குள் இழுபடுகிறதா, ஜீன்ஸின் தடித்த இடத்தில் தையல் தவறுகிறதா, துணியைத் திருப்பினால் அடியில் நூல் வளையமாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம், அந்த மொடலுக்குப் பாதமும் பொபின் கேஸும் புறக்கோட்டையில் தனியாகக் கிடைக்குமா என்று முன்பணம் கட்டுமுன்பே விசாரித்துவிடுங்கள்.