மரக் கடைசலுக்கு கார்பைடா, எச்எஸ்எஸ் உளியா?

புதிதாக மர லேத் வாங்கியவர்கள் முதலில் குழம்புவது இதில்தான். எச்எஸ்எஸ் என்றால் ஹை ஸ்பீட் ஸ்டீல், சாணை பிடித்துப் பயன்படுத்தும் எஃகு உளி. சாணை பிடிக்கும் மிஷின் இன்னும் வாங்கவில்லை என்றால் கார்பைடு இன்செர்ட், அதாவது திருகி மாட்டும் சின்ன, மிகக் கடினமான வெட்டுத்துண்டு வைத்த கருவியில் தொடங்குங்கள். சதுர இன்செர்ட் மழுங்கினால் திருகைத் தளர்த்தி அடுத்த பக்கத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம், நான்கு பக்கம் கிடைக்கும். தேக்கில் இருக்கும் சிலிக்கா எஃகு உளியைச் சீக்கிரம் மழுக்கிவிடும், கார்பைடு அங்கே நன்றாகவே தாங்கும்.

ஆனால் அது பெரும்பாலும் மரத்தைச் சுரண்டித்தான் எடுக்கும், அதனால் மென்மரத்திலும், கிண்ணத்தில் இழை குறுக்கே வெட்டுப்படும் இடங்களிலும் நார் பிய்ந்து நிற்கும், அப்புறம் உப்புத்தாளோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். நன்றாகத் தீட்டிய எச்எஸ்எஸ் குழி உளியின் சாய்தளம் (வெட்டு விளிம்புக்குப் பின்னால் தீட்டிய சரிவு) மரத்தில் உரசியபடி போகும்போது சீவல் சுருள் சுருளாக வரும், பரப்பும் வழவழவென்று நிற்கும், அந்தச் சுகமே தனி. கடைசிச் சுற்றுக்கு நான் எப்போதும் எஃகைத்தான் எடுப்பேன்.

ஒரு கவனம்: கார்பைடு கருவியைக் கிடைமட்டமாக, மரத்தின் மைய உயரத்தில் பிடியுங்கள். குழி உளிக்குச் செய்வதுபோலக் கைப்பிடியைத் தாழ்த்த வேண்டாம். பழைய கார்பன் எஃகு உளி கையில் இருந்தால், சாணையில் சூடேறி நீலம் பாய விடாதீர்கள், பதம் போய்விடும்.