வைமார் காலத்து (ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மன் குடியரசு, 1919–33) சினிமா நூல்களைப் படிக்க ஒரு வழி

முதலில் படம், அப்புறம்தான் புத்தகம். 1920இல் வந்த 'டாக்டர் காலிகரி' படத்தைப் பார்த்துவிட்டு, சீக்ஃப்ரீட் கிராகவரின் 'காலிகரியிலிருந்து ஹிட்லர் வரை' நூலை எடுங்கள். 1947இல் வெளியானது. நாஜிகளிடமிருந்து தப்பி நியூயார்க் சேர்ந்தவர் அவர். பின்னால் நடந்தது என்ன என்று தெரிந்துகொண்டே பழைய படங்களில் அதன் அறிகுறிகளைத் தேடுகிறார். இதை மனதில் வையுங்கள்.

கையில் பென்சில் வேண்டும். படத்தில் கண்ணால் கண்டதற்கு ஓரத்தில் ஒரு கோடு, ஆசிரியரின் ஊகத்துக்குக் கேள்விக்குறி. காலிகரி அத்தியாயத்தில் எனக்குக் கேள்விக்குறிகள்தான் அதிகம். கதையை ஒரு மனநோயாளி சொல்வதுபோல் மாற்றியதைத் திரைக்கதையாளர்கள் எதிர்த்தார்கள் என்கிறார் கிராகவர். அவர்களில் ஒருவரான ஹான்ஸ் யானோவிட்ஸ் சொன்னதுதான் ஆதாரம். பிற்பாடு கிடைத்த திரைக்கதைப் பிரதியிலோ, வேறு மாதிரியாக என்றாலும், கதையை ஒருவர் நினைவுகூர்ந்து சொல்லும் தொடக்கம் இருக்கிறது! வாதத்தின் ஒரு கால் ஆடுகிறது. அதற்காக நூலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

அடுத்து லோட்டே ஐஸ்னர். இதே காலப் படங்களைப் பற்றி 1952இல் பிரெஞ்சில் நூல் எழுதியவர். அரசியலைவிட ஒளி, நிழல், நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டின் மேடை என்று போகிறார். என் ஓட்டு இவருக்கே. ஒரு பத்தி படித்ததும் அந்தக் காட்சியை ஓடவிட்டு நிறுத்திப் பாருங்கள். அடிக்குறிப்புகளை இரண்டாம் வாசிப்புக்கு விட்டுவிடலாம்.