யூதர்களின் ஆவ் மாதத் துக்கம்: முதல்முறை கடைப்பிடிப்பவர்களுக்குப் படிப்படியாக

இந்தத் துக்க காலத்தைப் பற்றி யாரிடமாவது கேட்டால், இறைச்சி கூடாது, ஒயின் கூடாது, முடி வெட்டக் கூடாது, பாட்டுக் கேட்கக் கூடாது, குளிக்கக் கூடாது என்று ஒரு நீளமான பட்டியலைக் கொடுத்துவிடுவார்கள். எது எந்த நாளில் தொடங்குகிறது, எது யாருக்குப் பொருந்தும், எது எப்போது முடிகிறது என்பது அதில் இருக்காது. யூதக் குடும்பத்தில் திருமணம் செய்துகொண்டவர்கள், இஸ்ரேலில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போயிருப்பவர்கள், சமயங்களைப் படிக்கும் மாணவர்கள், இவர்களை மனதில் வைத்து நாள் வரிசைப்படி எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக நினைவில் நிற்கும். யூத வீட்டில் ஒருவர் இறந்தால் துக்கம் முதல் நாளில்தான் மிகக் கடுமையாக இருக்கும், பிறகு ஏழு நாள், முப்பது நாள் என்று படிப்படியாகத் தளரும். இந்த மூன்று வாரத் துக்கம் அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. லேசாகத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் இறுகி, ஆவ் மாதம் 9ஆம் தேதி உச்சத்தைத் தொடுகிறது. காரணம் எளிது. எருசலேம் ஆலயம் முதல்முறை கி.மு. 586இல் பாபிலோனியரால் எரிக்கப்பட்டது, இரண்டாவது ஆலயம் கி.பி. 70இல் ரோமப் படையால் எரிக்கப்பட்டது. கண்ணால் பார்க்காத அந்த இழப்புக்காக இன்று ஒருவர் உட்கார்ந்து அழ வேண்டும் என்றால், மனதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அங்கே கூட்டிக்கொண்டு போக முடியும்.

படி 1: தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

யூத நாட்காட்டி சந்திரனை வைத்து ஓடுவதால் ஆங்கிலத் தேதி வருடாவருடம் மாறும், பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வரும். துக்கம் தொடங்குவது ஆவுக்கு முந்தைய மாதமான தம்மூஸின் 17ஆம் தேதி. 2026இல் தம்மூஸ் 17 ஜூலை 2, ஆவ் 1 ஜூலை 15, ஆவ் 9 ஜூலை 23. யூதர்களுக்கு நாள் என்பது முந்தைய மாலை சூரியன் மறைந்ததும் தொடங்கிவிடும், ஆகவே ஆவ் 9இன் நோன்பு ஜூலை 22 மாலையே தொடங்குகிறது. முதல்முறை வருகிறவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். தம்மூஸ் 17, ஆவ் 9 இரண்டுக்கும் சரியாக மூன்று வாரம் இடைவெளி, ஆகவே இரண்டும் ஒரே கிழமையில்தான் வரும். அந்தக் கிழமை சனியாக இருந்தால் அது சபாத் எனும் வார ஓய்வு நாள், அன்று இந்த நோன்பு கிடையாது, ஞாயிறுக்குத் தள்ளிவிடுவார்கள். 2022இல் அப்படித்தான் நடந்தது.

படி 2: தம்மூஸ் 17, முதல் நோன்பு

விடியல் தொடங்கியதிலிருந்து இரவு நட்சத்திரங்கள் தெரியும்வரை சாப்பாடும் தண்ணீரும் இல்லை. வேறு கட்டுப்பாடு கிடையாது: குளிக்கலாம், தோல் செருப்புப் போடலாம், வேலைக்குப் போகலாம். விடியலுக்கு முன் எழுந்து சாப்பிட வேண்டுமென்றால், தூங்கப் போகும்முன்பே அப்படி எழுவதாக மனதில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் உடல்நிலை சரியில்லாதவர்களும் இந்த நோன்பு இருக்க வேண்டியதில்லை.

இந்த நாளில் ஐந்து துயரங்கள் நடந்தன என்று மிஷ்னா எனும் பழைய யூதச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. மோசே கற்பலகைகளை உடைத்தது, ஆலயத்தில் தினப்பலி நின்றுபோனது, நகரத்தின் மதில் உடைக்கப்பட்டது, தோரா எனும் யூத வேதத்தின் சுருள் எரிக்கப்பட்டது, ஆலயத்துக்குள் சிலை வைக்கப்பட்டது. மதில் உடைந்தது என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரி ஊருக்குள் நுழைந்துவிட்டான், ஆலயம் இன்னும் நிற்கிறது. அடுத்த மூன்று வாரங்களின் மனநிலை இதுதான்.

படி 3: மூன்று வாரங்கள்

திருமணம் வைப்பதில்லை, முடி வெட்டுவதோ சவரம் செய்வதோ இல்லை, இசைக்கருவிகளோடு கூடிய பாட்டு இல்லை. புதிய ஆடையை முதல்முறை உடுத்தும்போதும் பருவத்தின் புதிய பழத்தை முதல்முறை சாப்பிடும்போதும், இந்த நேரம்வரை எங்களை வாழவைத்தாயே என்று கடவுளுக்கு நன்றி சொல்லும் ஒரு வாழ்த்து உண்டு. இந்த நாட்களில் வாய் நிறைய அதைச் சொல்ல மனம் வராது என்பதால் புது உடையையும் புதுப் பழத்தையும் தள்ளி வைக்கிறார்கள்.

நீங்கள் இருக்கும் குடும்பம் எந்த மரபு என்று இந்த இடத்தில் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்னது கிழக்கு ஐரோப்பா, ஜெர்மனி வழிவந்த அஷ்கனாசி யூதர்களின் வழக்கம். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா வழிவந்த செபார்டி யூதர்களில் பலர், முடி வெட்டுவதை ஆவ் 9 வரும் அந்த ஒரு வாரத்தில் மட்டும்தான் தவிர்க்கிறார்கள். ஒருவர் வழக்கத்தைப் பார்த்து இன்னொருவரைத் திருத்தப் போகாதீர்கள், இரண்டுமே முறையானவைதான்.

படி 4: ஒன்பது நாட்கள்

ஆவ் மாதம் பிறந்ததும் மகிழ்ச்சியைக் குறைத்துக்கொள்கிறோம் என்று மிஷ்னா ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. அதன் வீட்டு வடிவம் இப்படி இருக்கும்: இறைச்சியும் ஒயினும் இல்லை, துணி துவைப்பதில்லை, துவைத்த புதுமடிப்பு ஆடை உடுத்துவதில்லை, சுகத்துக்காகக் குளிப்பதோ நீச்சலோ இல்லை, வீட்டை அழகுபடுத்தும் வேலைகள் இல்லை. வியர்வை நீங்க, சுத்தத்துக்காகக் குளிர்ந்த நீரில் சீக்கிரமாகக் குளித்துக்கொள்வதைப் பலர் அனுமதிக்கிறார்கள். சின்னக் குழந்தைகளின் துணியைத் துவைக்கலாம்.

துணி விஷயத்துக்கு அனுபவசாலிகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆவ் பிறப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் துவைத்து, தேவையான சட்டைகளை ஒவ்வொன்றாகக் கொஞ்ச நேரம் போட்டுக் கழற்றி வைத்துவிடுவார்கள். ஒருமுறை உடுத்திவிட்டதால் அது புதிதாகத் துவைத்த ஆடை என்ற கணக்கில் வராது. கோடை வெயிலில் ஒன்பது நாள் ஓட்ட வேண்டுமே, இதை நீங்களும் முன்கூட்டியே செய்துவிடுங்கள்.

சமையலில் மீன், முட்டை, பால் பொருட்கள், பருப்பு, காய்கறி எல்லாம் தாராளமாக உண்டு. உடல் தேவைக்காக இறைச்சி சாப்பிட வேண்டியவர்கள் சாப்பிடலாம். சபாத் அன்று எல்லாருக்குமே இறைச்சியும் ஒயினும் உண்டு, சபாத்தில் வெளிப்படையாகத் துக்கம் காட்டக் கூடாது. மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தால்மூத் தொகுப்பின் ஒரு நூலைப் படித்து முடித்ததற்கான விருந்திலும், ஆண் குழந்தையின் விருத்தசேதன விருந்திலும்கூட உண்டு. யெமன் யூதர்களின் பழைய வழக்கம் இன்னும் தளர்வானது, அவர்கள் நோன்புக்கு முந்தைய கடைசிச் சாப்பாட்டில் மட்டும் இறைச்சியைத் தவிர்த்தவர்கள். நம் பக்கத்து மகாராஷ்டிரக் கடற்கரையின் பெனே இஸ்ரயேல் யூதர்களிடம் இந்த நோன்பு முளைகட்டிய மொச்சைக் கறியோடு சேர்த்தே நினைக்கப்பட்டது.

ஆவ் 9க்கு முந்தைய சபாத்தில் ஜெப ஆலயத்தில் ஏசாயாவின் முதல் அதிகாரம் வாசிக்கப்படும். கடிந்துகொள்ளும் அதிகாரம் அது. முந்தைய இரண்டு வாரங்களும் எரேமியாவிலிருந்து. முடிந்தால் மூன்றையும் வீட்டில் வாசித்துவிடுங்கள், ஆவ் 9 இரவு அங்கே போய் உட்காரும்போது அந்நியமாக இருக்காது.

படி 5: நோன்புக்கு முந்தைய மாலை

இது உண்மையில் இரண்டு சாப்பாடு. மதியத்துக்குப் பிறகு வழக்கமான நல்ல உணவு, உடம்புக்கு வேண்டியதை அதில் முடித்துக்கொள்ளுங்கள், உப்பைக் குறைத்துத் தண்ணீரை நிறையக் குடியுங்கள். தினமும் காபி குடிப்பவர்கள் நான்கைந்து நாள் முன்பிருந்தே குறைத்துக்கொண்டு வந்தால் தலைவலி இருக்காது. பிறகு சூரியன் மறையும் முன் துக்க உணவு: தரையில் உட்கார்ந்து, ரொட்டியும் ஆறிப்போன அவித்த முட்டையும், சாம்பலைத் தொட்டுக்கொண்டு. சமைத்த பண்டம் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. மூன்று ஆண்கள் சேர்ந்து உண்டால் கூட்டாக நன்றி ஜெபம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், ஆளுக்கொரு பக்கமாகத் தனியே உட்காருகிறார்கள்.

படி 6: திஷா பாவ் இரவு

ஆவ் 9ஐத் திஷா பாவ் என்பார்கள். சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் இரவுவரை ஏறக்குறைய 25 மணி நேரம். தடைகள் ஐந்து: உண்பதும் குடிப்பதும், உடலைக் கழுவுவது, எண்ணெயோ கிரீமோ பூசுவது, தோல் செருப்பு அணிவது, தாம்பத்திய உறவு. காலையில் எழுந்ததும் விரல்களை மட்டும் அடிக்கணு வரை நனைத்துக்கொள்ளலாம். துணி செருப்பு அல்லது ரப்பர் செருப்பை முன்பே எடுத்து வையுங்கள். தம்மூஸ் 17 போலில்லாமல் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும்கூடப் பொதுவாக இந்த நோன்பை இருக்கிறார்கள். ஆனால் நோயாளிகளுக்கு இது கடமை இல்லை, உயிருக்கு ஆபத்து என்ற அளவுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. சர்க்கரை நோய், சிறுநீரகப் பிரச்சினை, பலவீனமான கர்ப்பம் என்றால் மருத்துவரிடமும் ரபி எனும் யூத சமய குருவிடமும் முன்பே கேளுங்கள், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுங்கள். நீங்கள் பராமரிக்கும் பெரியவர் பிடிவாதம் பிடித்தால், அவர்களுடைய ரபியை விட்டே அவரிடம் பேசச் சொல்வதுதான் நல்ல வழி.

ஜெப ஆலயத்துக்குப் போகிறீர்கள் என்றால் யாருக்கும் வணக்கம் சொல்லாதீர்கள், கை குலுக்காதீர்கள், பரிசு எதுவும் எடுத்துப் போகாதீர்கள். துக்க வீட்டு முறை அது, உங்கள் மேல் கோபம் என்று நினைக்க வேண்டாம். விளக்குகள் குறைக்கப்பட்டிருக்கும், தோரா சுருள்களை வைக்கும் பேழையின் திரை கழற்றப்பட்டிருக்கும், எல்லாரும் தரையிலோ தாழ்ந்த மணையிலோ உட்கார்ந்திருப்பார்கள். அப்போது புலம்பல் நூல் முழுவதும் வாசிக்கப்படும், ஐந்தே அதிகாரம். எபிரெயம் தெரியாவிட்டால் தமிழ் பைபிளில் எரேமியாவுக்கு அடுத்து இருக்கிறது, கையில் வைத்துப் பின்தொடருங்கள். முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய அகரவரிசையில் அமைந்தவை. கடைசி வசனம் கடவுள் எங்களை முழுதும் ஒதுக்கிவிட்டாரோ என்ற வேதனையில் நிற்பதால், அதற்கு முந்தைய வசனத்தை, எங்களை உம்மிடம் திருப்பிக்கொள்ளும் என்ற வேண்டுதலை, கூட்டம் முழுவதும் உரக்கச் சொல்லி, வாசிப்பவரும் மறுபடி சொல்லி முடிக்கிறார்கள்.

படி 7: பகல்

வேத வசனங்களை உள்ளே வைத்து ஜெபத்தின்போது கையிலும் நெற்றியிலும் கட்டும் சிறு தோல் பெட்டிகளான தெபிலினைக் காலையில் கட்டுவதில்லை, அதைப் பிற்பகல் ஜெபத்துக்குத் தள்ளி வைக்கிறார்கள் (சில செபார்டி சமூகங்களில் காலையிலேயே கட்டுவார்கள்). பிறகு கினோத் எனும் இரங்கற்பாக்கள், மணிக்கணக்கில். எருசலேமோடு இவை நிற்பதில்லை. 1096இல் சிலுவைப் போர்க் கும்பல்கள் ரைன் நதிக்கரையில் ஷ்பையர், வோர்ம்ஸ், மைன்ஸ் நகர யூதர்களைக் கொன்றது, 13ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வண்டி வண்டியாகத் தால்மூத் சுவடிகளை எரித்தது, எல்லாவற்றுக்கும் பாக்கள் உண்டு. 1942இல் நாஜிகள் வார்சாவில் யூதர்களை அடைத்திருந்த கெட்டோ பகுதியிலிருந்து ட்ரெப்ளின்கா கொலை முகாமுக்குப் பெருந்திரளாக ஆட்களை ஏற்றத் தொடங்கிய ஜூலை 22 அன்று மாலை திஷா பாவ் பிறந்தது. நாஜிப் படுகொலைக்கும் புதிய பாக்கள் சேர்ந்துவிட்டன.

தோரா படிப்பது மகிழ்ச்சி தருவது என்பதால் அன்று அதற்கும் தடை. புலம்பல், யோபு, எரேமியாவின் துயரப் பகுதிகள், துக்க விதிகள், ஆலய அழிவைச் சொல்லும் தால்மூத் பக்கங்கள், இவை மட்டும் படிக்கலாம். அந்தப் பக்கங்களில் வரும் ஒரு கதையை மட்டுமாவது தெரிந்துகொள்ளுங்கள். எருசலேமில் ஒருவனுக்குக் கம்சா என்று ஒரு நண்பன், பர் கம்சா என்று ஒரு பகையாளி. விருந்துக்கு நண்பனை அழைத்துவரச் சொன்னால் வேலைக்காரன் பகையாளியை அழைத்து வந்துவிடுகிறான். எழுந்து போ என்கிறான் விருந்து வைத்தவன். அவமானப்படுத்தாதே, என் சாப்பாட்டுக்குக் காசு தருகிறேன் என்கிறான் பர் கம்சா, பாதி விருந்துக்கான செலவைத் தருகிறேன், முழு விருந்துக்கும் தருகிறேன் என்று ஏறி ஏறிப் போகிறான். கையைப் பிடித்து வெளியே தள்ளிவிடுகிறார்கள். அங்கே இருந்த பெரிய ரபிகள் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மனக்காயத்தோடு அவன் ரோம் பேரரசனிடம் போய்க் கோள் மூட்ட, அதிலிருந்து தொடங்கியது அழிவு. இரண்டாவது ஆலயம் காரணமற்ற பகையால் அழிந்தது என்று தால்மூத் வேறோர் இடத்திலும் சொல்கிறது. நோன்பை முழுதாக இருக்க முடியாதவர்கள்கூட, பேசாமல் விட்ட ஒருவரிடம் இந்த வாரங்களில் பேசிவிடலாம். என்னைக் கேட்டால் உணவு விதிகளுக்கு முன்னால் இதைத்தான் வைப்பேன்.

நடுப்பகலுக்குப் பிறகு நாற்காலியில் உட்காரலாம், இரவு உணவுக்கான வேலையைத் தொடங்கலாம். ஆலயத்துக்குத் தீ வைத்தது அந்தப் பிற்பகலில்தான், ஆனாலும் துக்கம் தளரத் தொடங்குவதும் அப்போதுதான். மேசியா பிறப்பது இந்த நாளில்தான் என்றும் ஒரு மரபு இருக்கிறது. பிற்பகல் ஜெபத்தில் எருசலேமுக்கு ஆறுதல் கேட்கும் தனி வேண்டுதல் சேர்க்கப்படும்.

படி 8: வெளியே வருவது

இரவானதும் நோன்பு முடிகிறது, ஆனால் இறைச்சியும் ஒயினும் உடனே இல்லை. தீ 9ஆம் தேதி மாலை பற்றி 10ஆம் தேதி பகலிலும் எரிந்துகொண்டிருந்தது, அதனால் 10ஆம் தேதி நடுப்பகல் வரை அவற்றையும், துணி துவைப்பது, முடி வெட்டுவது, இசை போன்றவற்றையும் அஷ்கனாசியர் தவிர்க்கிறார்கள். செபார்டியர் சிலருக்கு அன்று முழுவதும் இறைச்சி இல்லை. 2026இல் 10ஆம் தேதி வெள்ளிக்கிழமையாக வருவதால், சபாத் வரவிருக்கிறது என்று துணி துவைப்பதையும் முடி வெட்டுவதையும் காலையிலேயே அனுமதிக்கிறார்கள். முதலில் தண்ணீர், அப்புறம் லேசான சாப்பாடு, அவசரமே வேண்டாம்.

அடுத்த சபாத்தில் ஏசாயா 40ஆம் அதிகாரம், ஆறுதல் சொல்லும் அதிகாரம், வாசிக்கப்படும். அதிலிருந்து ஏழு வாரம் தொடர்ந்து ஆறுதல் வாசிப்புகள்தான். ஆவ் 15 திருமணங்களுக்கு விருப்பமான நாள். ஆலயம் இருந்த காலத்தில் எருசலேம் பெண்கள், இல்லாதவள் வெட்கப்படக் கூடாது என்று எல்லாருமே இரவல் வாங்கிய வெள்ளை உடையில், திராட்சைத் தோட்டங்களுக்குப் போய் ஆடியதாக மிஷ்னா சொல்லும் நாள் அது. குடும்பத்தில் திருமணத் தேதி பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வாரத்து மண்டபங்கள் சீக்கிரம் நிறைந்துவிடும், முன்பே பதிவு செய்துவிடுங்கள்.