சப்பாத்திக்கள்ளி: பறிப்பது முதல் பொடி அரைப்பது வரை நடக்கும் தவறுகள்

சப்பாத்திக்கள்ளியின் நீள முள் யாரையும் ஏமாற்றுவதில்லை. பார்த்ததுமே கை தானாக விலகிவிடும். ஏமாற்றுவது அதன் அடியில் கொத்துக் கொத்தாக இருக்கும் சுணைதான். தலைமயிரைவிட மெல்லியது, நுனியில் பின்பக்கம் பார்த்த கொக்கி உண்டு, தொட்டவுடன் கழன்று தோலில் ஏறிவிடும். இந்தச் செடியைப் பக்குவப்படுத்தும்போது வரும் தொல்லைகளில் பாதி சுணையை மதிக்காததால் வருகிறது. மீதிப் பாதி பழத்தின் சிவப்பில் மயங்குவதால்.

காற்றடிக்கும் மத்தியானத்தில் பழம் பறிக்கப் போகாதீர்கள். காய்ந்த சுணை பறந்து கண்ணில் விழும். பனி ஈரம் உலராத காலைதான் சரி. துணிக் கையுறை போட்டால் சுணை அதிலேயே சேர்ந்துகொண்டு, கழற்றும்போது மறு கையில் ஏறும். அதனால் இடுக்கி போதும். பறித்த பழத்தைத் தணலில் புரட்டிப் புரட்டிக் காட்டினால் சுணை பொசுங்கிவிடும். அப்புறம் கழுவித் தோலுரிக்கலாம். பலர் விடும் இடம் பழத்தின் தலைப்பக்கக் குழி. அங்கே சுணை கும்பலாக இருக்கும். கத்தியை அதன் வழியாக இறக்கினால் நேரே சதைக்குள் போகும். முதலில் அந்தத் தலையைச் சீவி எறிய வேண்டும். சுணை ஏறிவிட்டால் தேய்க்கவோ வாயால் உறிஞ்சவோ கூடாது. தெரிகிறதை முள்வாங்கியால் எடுத்துவிட்டு, மீதிக்குப் பசை தடவி, மேலே மெல்லிய துணி ஒட்டி, காய்ந்ததும் உரித்தெடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

மடலை, அதாவது செடியின் தட்டையான பச்சைத் தண்டை, உலர்த்துவது வேறு கதை. மெக்சிகோவில் இதைக் காய்கறியாகவே சமைக்கிறார்கள்; அங்கே எடுப்பது உள்ளங்கை அளவுள்ள இளம் மடலை. முற்றியதில் நார்தான் மிஞ்சும். வெட்டும் நேரமும் முக்கியம். கள்ளி இரவில்தான் கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேர்த்துவைக்கும். ஆகவே விடிகாலை மடல் நன்றாகப் புளிக்கும், வெயில் ஏற ஏறப் புளிப்பு இறங்கும். பழத்துக்கு அதிகாலை, மடலுக்கு வெயில் வந்த பிறகு.

மடலில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பத்துக் கிலோ வெட்டினால் ஒரு கிலோ வற்றல் கிடைத்தாலே பெரிது. கனமாக நறுக்கினால் மேல்பக்கம் காய்ந்து, உள்ளே வழவழப்பு அப்படியே நின்று, இரண்டு நாள் மேகமூட்டத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும். விரல் அகலத்தில் மெல்லிய கீற்றாக நறுக்கி, மேலே வலைத்துணி போட்டு, ஒடித்தால் 'டக்' என்று முறியும்வரை காயவிட வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. இங்கேதான் மோசமான தவறு நடக்கிறது: காய்ந்தால் முள் உதிர்ந்துவிடும் என்று நினைத்து, முள் முளைக்கும் கண்களைச் சீவாமல் மிக்ஸியில் போடுவது. மூடியைத் திறந்ததும் எழும் தூசியில் சுணையும் இருக்கும். அது மூக்கிலும் தொண்டையிலும் இறங்கும். பச்சையாக இருக்கும்போதே முட்கண்களைச் சீவி எடுத்துவிடுங்கள். பொடி ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும் என்பதால் வற்றலாகவே வைத்திருந்து, தேவைக்கு அரைப்பது நல்லது.

பழச்சாற்றை நெடுநேரம் கொதிக்கவைத்தால் சிவப்பு பழுப்பாகும். பீட்ரூட்டில் இருக்கும் அதே பீட்டாலைன் நிறமிகள்தான் இதிலும். சூடும் வெளிச்சமும் அவற்றுக்கு ஆகாது. குடித்தபின் சிலருக்குச் சிறுநீர் சிவப்பாகலாம். அதை ரத்தமென்று பயப்பட வேண்டாம். விதையை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். கல் மாதிரி இருக்கும் விதைகளை ஏராளமாக விழுங்கி, மலக்குடல் அடைத்து, மருத்துவர் எடுக்க வேண்டி வந்ததுண்டு. சாற்றைத் துணியில் வடிகட்டுங்கள்.

மருந்து விஷயத்துக்கு வருவோம். சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று வீடியோக்களில் அடித்துச் சொல்கிறார்கள். மெக்சிகோ இனப் பழத்தின் 100 கிராமில் இரும்புச்சத்து சுமார் 0.3 மில்லிகிராம்தான். மக்னீசியமும் வைட்டமின் சியும் நல்ல அளவில் உண்டு, அதற்காகச் சாப்பிடலாம். சாப்பாட்டோடு மடல் சேர்த்தால் சர்க்கரை ஏறுவது கொஞ்சம் குறைகிறது என்று சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. அவையும் பெரும்பாலும் மெக்சிகோ இனங்களில், மடலில் நடந்தவை. அதை வைத்துச் சாலையோரச் செடியின் பழச்சாற்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. மாத்திரையோடு பொடியும் சேர்ந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும் கூடும். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். மடலில் கல் சேர வழிவகுக்கும் ஆக்சலேட் என்ற உப்பு உண்டு, சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தள்ளியிருக்கட்டும். புற்றுநோய்க்கும் கர்ப்பப்பைக் கட்டிக்கும் இதுவே மருந்து என்பவர்களிடம் வாதாடுவதே வீண்.

மடலில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக இருந்தால் அது கொச்சினீல் பூச்சி. நசுக்கினால் ரத்தச் சிவப்பாக வரும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டதே இந்தச் சாயப்பூச்சிக்காகத்தான். சிலருக்கு அந்தச் சாயம் ஒவ்வாது. பஞ்சு பிடித்த மடலை ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக, கீறினால் பால் வடிந்தால் அது சப்பாத்திக்கள்ளி இல்லை. திருகுகள்ளி, சதுரக்கள்ளி எல்லாம் வேறு குடும்பம், பால் நஞ்சு. கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு, தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.