பழைய கணினிக்கு ரேம் வாங்குமுன் பழைய அட்டையைக் கழற்றிப் படியுங்கள்

யாழ்ப்பாணத்தில் எந்தக் கணினிக் கடைக்குப் போய் ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) வேண்டும் என்றாலும், "எத்தனை ஜிபி?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அது இரண்டாவதாக வரவேண்டிய கேள்வி. உங்கள் தாய்ப்பலகை (எல்லாப் பாகங்களும் பொருந்தும் முதன்மைப் பலகை) எந்த ரேமை ஏற்கும் என்பது தெரியாமல் அளவைச் சொல்லிப் பயனில்லை.

கொக்குவிலில் அக்கா வீட்டில் இருப்பது இன்டெல் ஜி41 சிப்செட் (தாய்ப்பலகையில் பாகங்களை இணைத்து இயக்கும் சில்லுத் தொகுதி) கொண்ட பழைய கணினி. ரேம் 2 ஜிபிதான். உயர்தரம் படிக்கும் மருமகன் சூம் வகுப்பையும் கடந்தகால வினாத்தாளையும் ஒன்றாகத் திறந்தால் திரை உறைந்துவிடும். 4 ஜிபி அட்டை ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். வகை சரி, வேகம் சரி, கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது, பெட்டிக்குள் இருந்து பீப் ஒலி மட்டும் வந்தது. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். அதே காசை நீங்களும் வீணாக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. குறை ரேமில்தானா?

வழக்கமாகச் செய்யும் வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி 85 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. மெமரி பாதியளவில் நிற்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதம் காட்டினால் ரேம் வாங்க வேண்டாம். அந்தக் காசை ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டிக்குக் கொடுங்கள்.

விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்பதையும் பாருங்கள். வீட்டுக் கணினிகளில் 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. அதில் 8 ஜிபி போட்டாலும் பாதி சும்மா கிடக்கும்.

2. உள்ளே இருப்பதைப் பாருங்கள்

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை நிறுவினால் தாய்ப்பலகையின் மாதிரிப் பெயரும், ரேம் செருகும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் எந்த அட்டை இருக்கிறது என்பதும் தெரியும். மாதிரிப் பெயரை இணையத்தில் தேடி, அதிகபட்சம் எத்தனை ஜிபி என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எச்61 சிப்செட்டுக்கு 16 ஜிபி, ஜி41க்கு 8 ஜிபி.

ஆனாலும் அட்டையைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதையே நான் நம்புகிறேன். கணினியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பக்கத் தகட்டைத் திறந்ததும் பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி உள்ளே பாய் விரித்திருக்கும். மென்மையான தூரிகையால் முதலில் அதைத் தட்டிவிடுங்கள்.

3. லேபிளைப் படியுங்கள்

அட்டையில் ஒட்டிய தாளில் இப்படி ஒரு வரி இருக்கும்: 2ஜிபி 2ஆர்எக்ஸ்8 பிசி3-10600யூ. தேவையானது எல்லாம் இதில் இருக்கிறது.

பிசி3 என்றால் டிடிஆர்3. பிசி2 டிடிஆர்2, பிசி4 டிடிஆர்4. இவை ரேமின் தலைமுறைகள். ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்கள்தான், மின்னழுத்தம் வேறு: முன்னதற்கு 1.8 வோல்ட், பின்னதற்கு 1.5 வோல்ட். தவறாகச் செருகிவிடாதபடி நடுவில் உள்ள வெட்டின் இடமும் மாறியிருக்கும். பொருந்தவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

10600 என்பது வேகம். எட்டால் வகுத்தால் ஏறக்குறைய 1333 வரும். 12800 என்றால் 1600. வேகம் கூடிய அட்டையைப் பழையதோடு சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்திலேயே ஓடும். அதனால் கெடுதல் இல்லை.

கடைசி எழுத்தை விட்டுவிடாதீர்கள். யூ மேசைக் கணினிக்கு, எஸ் மடிக்கணினிக்கு, ஆர் சேர்வர்களுக்கு. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெரிய அட்டைகளில் பல ஆர் வகை. வீட்டுக் கணினியில் அவை வேலை செய்யாது. "ஏஎம்டிக்கு மட்டும்" என்று விற்பவற்றையும் இன்டெல் கணினிக்கு வாங்காதீர்கள்.

இனி, நான் தவறிய இடம். 2ஆர்எக்ஸ்8 என்றால் அட்டையில் 16 சில்லுகள், 1ஆர்எக்ஸ்8 என்றால் 8. நான் வாங்கிய 4 ஜிபி அட்டையில் எட்டே சில்லுகள், ஒவ்வொன்றும் 4 ஜிகாபிட் (8 ஜிகாபிட் சேர்ந்தால் 1 ஜிபி). ஜி41 சிப்செட்டுக்கு 2 ஜிகாபிட்டுக்கு மேற்பட்ட சில்லைப் படிக்கத் தெரியாது. அதற்கு 16 சில்லுகள் உள்ள 4 ஜிபி அட்டைதான் வேண்டும். எச்61 போன்ற பின்னாளையவை இரண்டையும் ஏற்கும்.

4. வாங்குதல்

பழைய அட்டையைச் செய்தித்தாளில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள். சேராவிட்டால் மாற்றித் தருவதாகப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலிருந்து எடுப்பிப்பதாக இருந்தால், லேபிளின் படத்தைக் கைத்தொலைபேசியில் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ஒரே அளவில் இரண்டு அட்டைகள் போட்டால் இரட்டைத் தடத்தில் (இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில்) ஓடும், அது நல்லது. உங்களுடையது டிடிஆர்2 என்றால் அதிகம் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

5. செருகுதல்

பொன்னிற விளிம்பை விரலால் தொடாதீர்கள். குருநகர், பாசையூர்ப் பக்கம் உப்புக்காற்றில் பழைய அட்டைகளின் விளிம்பு மங்கியிருக்கும். பென்சில் அழிக்கும் வெள்ளை இறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். ஸ்லாட்டின் கொளுக்கியைத் திறந்து, வெட்டை நேராக்கி, இரு முனைகளையும் பெருவிரல்களால் ஒன்றாக அழுத்துங்கள். கொளுக்கி "டக்" என்று தானாக மூடவேண்டும்.

திரை வராவிட்டால் பதறாதீர்கள். பெரும்பாலும் ஒரு முனை முழுதாக இறங்கியிருக்காது. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கழற்றி மீண்டும் செருகுங்கள். பிறகு ஒவ்வோர் அட்டையாகத் தனித்துப் போட்டுப் பாருங்கள்.

விண்டோஸ் புதிய அளவைக் காட்டியதும், ரேமைச் சோதிக்கும் இலவச மென்பொருளான மெம்டெஸ்ட்86+ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடக்கி, அன்றிரவே ஓடவிடுங்கள். காலையில் ஒரு பிழை காட்டினாலும் திரையைப் படம் பிடித்து, பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள்.